எச்சரிக்கை வந்து சேரும் வழி: பேரிடர்க் காலச் செயலிகள் பற்றிய ஓர் ஆய்வு

புயல் வருகிறதென்றால் துறைமுகத்தில் கூண்டு ஏறும். கடலூரில் மூன்றாம் எண், நாகையில் ஐந்தாம் எண் என்று செய்தியில் சொல்வார்கள். கூண்டு இன்றும் ஏறுகிறது. ஆனால் கரையோரத்து வீடுகளில் அதற்கு முன்பே கைபேசி ஒலித்துவிடுகிறது. 2018-இல் தமிழக அரசு 'டிஎன்ஸ்மார்ட்' செயலியைக் கொண்டுவந்தது. 2020-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' வந்தது. 2024 பருவமழைக்கு முன் 'டிஎன் அலர்ட்' வந்தது. இடையில் மின்னலுக்கு 'தாமினி', உழவர்களுக்கு 'மேக்தூத்', தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்', மீனவர்களுக்குத் 'தூண்டில்', காவல்துறை உதவிக்குக் 'காவலன்'. ஏறக்குறைய ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் ஒரு செயலி பிறந்திருக்கிறது.

இவற்றால் உயிர் பிழைக்குமா? பிழைக்கும், சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பதே என் வருத்தம். மேகத்தையோ அலையையோ ஆற்றையோ ஒரு கருவி அளக்க வேண்டும். அளந்ததைப் பார்த்து ஓர் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு செய்தியாகி வீடு வந்து சேர வேண்டும். சேர்ந்ததை ஒருவர் நம்பி, எழுந்து நடக்க வேண்டும். இந்த நான்கு கண்ணிகளில் செயலி வலுப்படுத்துவது பெரும்பாலும் மூன்றாவதை மட்டும்தான். இவற்றில் ஒரு கண்ணி தளர்ந்திருந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் அண்மைக் காலத்திலேயே இரண்டு கொடிய சான்றுகள் உள்ளன.

ஜெர்மனி செயலியை நம்பிய நாடு. நீனா, காட்வார்ன் என்று அங்கே எச்சரிக்கைச் செயலிகள் பல ஆண்டுகளாக இருந்தன. பனிப்போர் முடிந்ததும் பழைய அபாயச் சங்குகளில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டார்கள். 2020 செப்டம்பர் 10 அன்று நாடு தழுவிய ஒத்திகை நடந்தபோது செயலிகளின் எச்சரிக்கை ஏறக்குறைய அரை மணி நேரம் தாமதமாக வந்தது. அடுத்த ஆண்டே சோதனை உண்மையாகிவிட்டது. 2021 ஜூலை 14 இரவு ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. நாடு முழுவதும் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆற்றங்கரையோரக் காப்பகம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகள் 12 பேர் மூழ்கி இறந்தனர். செயலியைத் தரவிறக்கியவருக்கு மட்டுமே எச்சரிக்கை என்பது எவ்வளவு பெரிய ஓட்டை என்று அப்போதுதான் அந்த நாட்டுக்கு உறைத்தது. செயலி இல்லாத கைபேசிகளுக்கும் செய்தி அனுப்பும் முறையை 2023 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஸ்பெயினில் அந்த முறை ஏற்கெனவே இருந்தது. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவுக்கு வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தது. கைபேசிகள் அலறியதோ இரவு 8 மணி 11 நிமிடத்துக்கு. அதற்குள் ஆறும் ஓடையும் ஊருக்குள் வந்துவிட்டன. பலர் கார்களுக்குள்ளும் தரைத்தளங்களிலும் சிக்கியிருந்தனர். 220-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கருவியிலோ வலையமைப்பிலோ பழுது இல்லை. பொத்தானை அழுத்த வேண்டியவர்கள் அழுத்தத் தயங்கினார்கள். எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாத கோளாறு இது.

செயலி இல்லாமலேயே வரும் அந்தச் செய்தி முறையைப் பலரும் குறுஞ்செய்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறுஞ்செய்தி எண் எண்ணாகத் தேடிப் போவது. லட்சம் பேருக்கு அனுப்ப லட்சம் முறை அனுப்ப வேண்டும். நெரிசலில் மணிக்கணக்கில் தாமதமாகும். செல் ஒலிபரப்பு அப்படியல்ல. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே வீச்சில் போய்விடும். எண் தெரிய வேண்டாம், இணையம் வேண்டாம், வெளியூரிலிருந்து வந்து அங்கே தங்கியிருப்பவருக்கும் கிடைக்கும். 2023-இல் இந்தியா முழுவதும் இதற்கான ஒத்திகைகள் நடந்தன. அக்டோபரில் தமிழ்நாட்டுக் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியதும், பலர் பதறிப்போய் அக்கம்பக்கத்தில் விசாரித்ததும் நினைவிருக்கும். அந்த ஒலி பிடிக்காமல் அமைப்புகளுக்குள் போய் அவசர எச்சரிக்கையை நிறுத்திவைத்தவர்கள் அதை மீண்டும் இயக்கிவிட வேண்டும். ஒரு கைபேசியில் பேரிடருக்காகச் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான். எந்தச் செயலியும் இதற்குப் பிறகே.

நம்பிக்கை என்னும் கண்ணிக்கு வருவோம். 2018 ஜனவரி 13 காலை ஹவாய்த் தீவுகளில் எல்லாக் கைபேசிகளுக்கும் ஏவுகணை வருவதாக எச்சரிக்கை வந்தது. அது பிழை என்று மறுசெய்தி வர 38 நிமிடங்கள் ஆயின. குழந்தைகளைச் சாக்கடைத் திறப்புகளுக்குள் இறக்கிய பெற்றோரும் உண்டு. 2023 பிப்ரவரியில் துருக்கியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அதிர்வைக் கொண்டே நிலநடுக்கத்தை உணரும் கூகுளின் அமைப்பு, 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டது. தூக்கத்திலிருந்து எழுப்பக்கூடிய உச்ச எச்சரிக்கை மிகச் சிலருக்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பின்னர் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நம் ஊர்ச் சிக்கல் வேறு வகை. அடுத்த மூன்று மணி நேரத்தில் இந்த மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்று செய்தி வருகிறது. நாளுக்கு இரண்டு முறையும் வருகிறது. மாவட்டமோ நூறு கிலோமீட்டர் அகலம். மழை எங்கோ பெய்கிறது, நம் தெருவில் வெயில் அடிக்கிறது. பத்து முறை இப்படி நடந்த பிறகு பதினோராவது செய்தியை யார் பார்ப்பார்கள்? எச்சரிக்கை விடாததற்குப் பழி வரும், மிகையாக விட்டதற்கு வராது என்பதால் துறைகள் இப்படி நடந்துகொள்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. விளைவு, மக்களின் காது மரத்துப்போகிறது.

எண்ணைச் சொல்லி விளைவைச் சொல்லாமல் விடுவது இதைவிடப் பெரிய குறை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அந்த எண்ணைக் கேட்ட ஜாஃபர்கான்பேட்டைக்காரர் என்ன முடிவெடுப்பார்? தண்ணீர் தன் வாசல்வரை வருமா, மாடிவரை வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் எங்கும் இல்லை. அந்த வாரம் அருண் கணேஷ் முதலானோர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கொண்டு உருவாக்கிய வரைபடத்தில், நீர் நின்ற ஆயிரக்கணக்கான சாலைகளை மக்களே குறித்தார்கள். எந்தச் சாலை மூழ்கியிருக்கிறது என்பதை அரசு சொல்வதற்கு முன் அந்த வரைபடம் சொன்னது. அரசும் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். டிஎன்ஸ்மார்ட்டின் நோக்கமே இத்தனை மழை பெய்தால் இந்தப் பகுதிக்கு இன்ன பாதிப்பு என்று கணிப்பதுதான். சென்னைக்கென்று தனி வெள்ள முன்கணிப்பு அமைப்பும் உருவாகியிருக்கிறது. ஆனால் இந்தக் கணிப்புகள் அதிகாரிகளின் திரைகளில் தெரியும் அளவுக்குத் தெருக்காரரின் திரையில் தெரிவதில்லை. மழை அளவையும் அணை மட்டத்தையும் காட்டும் செயலி, அதே திரையில் உங்கள் தெருவுக்கு என்ன ஆகும் என்றும் காட்டும் நாள் வர வேண்டும்.

எச்சரிக்கையை ஊருக்குப் புரியும்படி சொல்லும் விஷயத்தில் நம் கடற்கரை எப்போதோ முன்னே போனது. ஸ்மார்ட்போனே இல்லாத காலத்தில் நடந்தது அது. புதுச்சேரி வட்டாரத்து மீனவக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை நடத்திவந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்வார்கள். நல்லவாட்டிலும் அப்படியொரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். கடல் பொங்கிக்கொண்டிருப்பது அறிந்து, எல்லோரும் ஓடுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் மையத்துக்குப் போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர் ஒன்றும் போகவில்லை. ஒரு போன் அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் சேர்ந்து செய்த வேலை. அந்த ஒலிபெருக்கி அன்றாடம் பேசிப் பழகிய ஒன்று என்பதே இதில் உயிரான செய்தி. அதன் குரலை ஊர் அறிந்திருந்தது; யாருடைய சொல் இது என்று யாரும் நின்று யோசிக்கவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்று பின்னர் உருவாக்கிய 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலியும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் இடம் ஆகியவற்றோடு, சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிப்பதும் அதில் உண்டு. இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் அச்சத்தோடு தொழிலுக்குப் போகும் இராமேஸ்வரத்துக்காரருக்கு அது அன்றாடத் தேவை. தினமும் திறப்பதால் புயல் எச்சரிக்கை வரும் நாளிலும் அது திறந்திருக்கும். பேரிடருக்கு மட்டுமே என்று ஒதுக்கிய செயலிக்கு இந்த வாய்ப்பு இல்லை. தரவிறக்கிய வாரத்தில் ஒரு முறை பார்ப்போம். பிறகு கடவுச்சொல் மறக்கும். பேட்டரி சிக்கனம் என்ற பெயரில் கைபேசியே அதன் அறிவிப்புகளை நிறுத்திவிடும். இடம் போதவில்லை என்றால் முதலில் நீக்கப்படுவதும் அதுதான்.

கரையிலிருந்து விலகிப் போனால் எந்தச் செயலிக்கும் பேச்சு நின்றுவிடும். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வேகமாக வலுத்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கைபேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து சில கடல் மைல்களோடு தீர்ந்துபோகும். எச்சரிக்கை அறிவிக்கப்பட்டாலும் அவர்களுக்குப் போய்ச் சேர வழியில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்தத் துயரத்துக்குப் பின் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அது வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் கைபேசிச் செயலிக்குத் தரும். கோபுரம் வேண்டாம், சிம் வேண்டாம், தமிழிலேயே படிக்கலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. ஆபத்தில் இருப்பவர் அதன் வழியே திரும்பப் பேச முடியாது. படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகள் பொருத்தும் திட்டம் பின்னர் வந்தது. அது விசைப்படகோடு நிற்காமல் நாட்டுப்படகு வரை போக வேண்டும்.

கடலில் நடப்பது கரையிலும் நடக்கும். 2023 டிசம்பர் 17 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறியது. மின்சாரம் போனது, கோபுரங்கள் ஓய்ந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். வெளியூரிலிருந்த பிள்ளைகள் ஏரலுக்கும் ஆத்தூருக்கும் போன் அடித்து அடித்துச் சோர்ந்தார்கள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் மிக்ஜாம் புயலில் சென்னையின் தென்புறத்துக்கும் இதே கதிதான். கைபேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலை இருக்காது. 2017-இல் மரியா சூறாவளி தாக்கியபோது புவெர்ட்டோ ரிக்கோவில் நூற்றுக்கு 95 கோபுரங்கள் செயலிழந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்பு, இணையம் இல்லாமலே பேசலாம் என்ற வதந்தியை நம்பி அமெரிக்கர்கள் செல்லோ என்ற வாக்கிடாக்கிச் செயலியை லட்சக்கணக்கில் தரவிறக்கினார்கள். இணையம் இல்லாமல் அது இயங்காது என்று அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது. புளூடூத் வழியே கைபேசிக்குக் கைபேசி தாவும் செயலிகளும் உண்டு. அவை வேலை செய்ய அடுத்த வீட்டுக்காரரும் அதே செயலியை வைத்திருக்க வேண்டும்.

துறைமுகத்துக் கூண்டு வரிசையில் பதினோராம் எண்ணுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாக இருக்கலாம் என்று கொள்ளுங்கள் என்பது அதன் செய்தி. தொடர்பு அறுவதையே ஓர் எச்சரிக்கையாக்கிய முன்யோசனை அது. இன்றைய செயலிகளில் பலவற்றுக்கு அது இல்லை. இணையம் போனால் நேற்றைய முன்னறிவிப்பை இன்றையதுபோலக் காட்டிக்கொண்டு நிற்கும். கடைசியாக எப்போது செய்தி வந்தது என்பதைப் பெரிய எழுத்தில், சிவப்பில் காட்டுவது ஒரு நாள் வேலை. அதைச் செய்யாத செயலியை நான் பேரிடர்ச் செயலி என்று ஏற்க மாட்டேன்.

ஆகவே, வலை போன பிறகும் கைபேசிக்குள் எது மிஞ்சும் என்று கேட்டு அதற்கேற்பத் தயார் செய்வதே அறிவு. உங்கள் மாவட்டத்து வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால், கோபுரம் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேட்டுப் பகுதியும் மருத்துவமனையும் தெரியும். டிஜிலாக்கரை நம்பி அசல் ஆவணங்களை விட்டுவிடக் கூடாது. இணையம் இல்லாத நாளில் அது திறக்காது. பட்டா, காப்பீடு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் படங்களைக் கைபேசிக்குள்ளேயே சேமிக்க வேண்டும். இரத்த வகை, ஒவ்வாமை, அன்றாட மருந்து, அழைக்க வேண்டியவர் எண் ஆகியவற்றைப் பூட்டிய திரையிலிருந்தே பிறர் பார்க்கும்படி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. சர்க்கரைக்கு ஊசி போடும் ஒருவர் மயங்கிக் கிடந்தால் தூக்க வருகிறவருக்கு அந்த நான்கு வரி பெரிய உதவி. முதலுதவி வழிமுறைகளையும் தமிழில் படமாகச் சேமித்துவைக்கலாம். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி வேகமாகத் தீரும் என்பதால், வெள்ளத்தில் அடைபட்டிருக்கும்போது விமான முறையில் வைத்து, மணிக்கு ஒரு முறை மட்டும் திறந்து பார்ப்பது நல்லது. பேச்சு போகாத பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி போக வாய்ப்புண்டு.

உதவி கேட்கும் வழியிலும் செயலியைவிட எளியது ஒன்று கையில் இருக்கிறது. இந்தியாவில் 2017 முதல் விற்கும் கைபேசிகளில் அவசரப் பொத்தான் வசதி கட்டாயம். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினாலும், சாதாரணப் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தாலும் 112-க்குப் போகும். நம் நிறுவனத்தின் கோபுரம் விழுந்திருந்தாலும் அருகில் வேறு நிறுவனத்தின் கோபுரம் உயிரோடு இருந்தால் 112 அழைப்பை அது எடுத்துக்கொள்ளும். மருத்துவ உதவிக்கு 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த எண்களைத் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைப் பழமை என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஸ்மார்ட்போனே இல்லாதவரின் நிலை என்ன? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தான் பயன்படுத்தும் கைபேசி என்று ஒன்றை வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 சதவீதம். மின்னல் தாக்கி ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் இறக்கும் நாட்டில், தாமினி செயலி அருகில் விழக்கூடிய மின்னலைச் சொல்கிறது. ஆனால் நாற்று நடுகிறவர் போனை வரப்பில் பையோடு வைத்துவிட்டுச் சேற்றில் நிற்கிறார். அவருக்குச் செய்தி போய்ச் சேர வரப்பிலிருந்து ஒருவர் கத்த வேண்டும். ஒடிசா இதைப் புரிந்துகொண்டது. 1999 புயலில் ஏறக்குறைய 10,000 பேரைப் பறிகொடுத்த மாநிலம், 2019-இல் ஃபானி புயல் வந்தபோது 26 லட்சம் குறுஞ்செய்திகள் அனுப்பியது. அதோடு 43,000 தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். சுமார் 12 லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். இறப்பு நூறைத் தொடவில்லை. வங்கதேசம் 1970 புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்த பிறகு கட்டியெழுப்பிய தன்னார்வலர் படையில் இன்று 76,000 பேர். அவர்களில் பாதி பெண்கள். கையில் மெகாபோன், கொடி, அதோடு கைபேசி. செயலி அவர்களுக்குச் செய்தி தருகிறது. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் அவர்களே பேசுகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் 'ஆப்த மித்ரா' திட்டத்தின் தன்னார்வலர்கள் பேரிடர்ப் பணிக்குப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தாழ்வான ஊர்கள் ஒவ்வொன்றிலும் முதல்நிலைப் பொறுப்பாளர்களின் பெயர்ப் பட்டியல் வருவாய்த் துறையிடம் உண்டு. இவர்களிடம் இல்லாத ஒரு தகவல் வேறோர் இடத்தில் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் வீடு தேடிப் போய் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தருகிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கான பைகளும் அவர்கள் வழியே போகின்றன. எந்தத் தெருவில் எழுந்து நடக்க முடியாதவர் யார், எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும், ஏட்டிலும் இருக்கிறது. நோயாளிகளின் விவரம் என்பதால் அதை ஊரெல்லாம் பரப்ப முடியாது, பரப்பவும் கூடாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நோயின் பெயர் இல்லாமல் வீட்டு முகவரியும் தூக்கிச் செல்ல எத்தனை பேர் வேண்டும் என்ற குறிப்பும் மட்டும் அந்தந்த ஊர்ப் பொறுப்பாளரின் கைபேசிக்குப் போகலாம். இணையம் இல்லாமல் திறக்கும் வடிவில், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு. புதிய செயலி எதுவும் இதற்குத் தேவையில்லை. இரண்டு துறைகள் ஒரு மேசையில் உட்கார வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அந்த மேசைக்கு அழைத்தால் வேலை ஒரு வாரத்தில் முடியும்.